ஒரு பழத்துக்கு ஒரு கொசுறு

தாவீது பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் நிச்சயம். பங்குனி உற்சவத்துக்குச் சனங்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்தாலும் அவருக்கு மட்டும் ஒரு சீட்டு காலியாகும். பக்கத்தில் இருப்பவர் முதலில் தம் செருப்பைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு எதிரே இருப்பவரைச் சந்தேகமாகப் பார்ப்பார். அதற்கும் பிறகு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாவீது ஜன்னலோரம் நகர்ந்து காலை நீட்டிக்கொண்டு, "காத்து நல்லா வருதுபா" என்பார்.

வேறொன்றுமில்லை. எங்கள் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு ஒன்றைத் தயாரிக்கும் கண்ணாடிச் சாதனம் இருந்தது. அது இல்லாமல் பையன்கள் உப்புச் சோதனை செய்ய முடியாது. அதற்கு அமிலம் ஊற்றி, கழுவி, கட்டிக் காத்தவர் தாவீது. சட்டையை எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் அந்த வாசனை போகாது. அவரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர். பெயர் ராஜகோபால். டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் லெக்சரருக்குக் கீழே, மேஜை நாற்காலிக்கு மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் தெருவிளக்கில்தான் படித்திருக்கிறார்கள். தாவீது தெருவிளக்கே இல்லாத தெருவில் பிறந்தவர். அதனால் அவர் கதையைச் சொல்ல எனக்குக் கை துறுதுறுக்கிறது.

திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு அவர் ஊர். அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். பாதிரியார் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்தார். எங்கள் கல்லூரிக்கு லேப் கட்டியபோது சித்தாள் வேலைக்கு வந்தவர், கட்டடம் முடிந்து கொத்தனார்கள் போன பிறகும் போகவில்லை. லேப் அடுப்புகளுக்கு வாயு தயாரிக்கும் காஸ் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. இருக்கிறவரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சும்மா இருக்கிற மனிதரா என்றால் அதுதான் இல்லை. பிராக்டிகல் பரீட்சையன்று தாவீது இடது காதைச் சொறிந்தால் குளோரைடு. வலது காது சல்பேட். மூக்கைத் தொட்டால் கார்பனேட். இது பையன்களுக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும், நிரூபிக்கத்தான் முடியாது. ஒரு வருஷம் பாவம், அவருக்கு நிஜமாகவே இடது காதில் கட்டி வந்துவிட்டது. முப்பது பேர் குளோரைடு என்று எழுதிவிட்டு ஃபெயிலாகிப் போனார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் தாவீதுக்கு விளையாட்டே கிடையாது. கல்லூரி ஆபீசில் தடியான அட்டை போட்ட வருகைப் பதிவேடு ஒன்று உண்டு. நிரந்தர ஊழியர்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள். தற்காலிகம் என்றால் ஆணியில் குத்தித் தொங்கும் தனித்தாள். பதினோரு வருஷமாகத் தாவீதுக்குத் தனித்தாள்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை முடிந்தது என்று அனுப்பி, ஒவ்வொரு ஜூனிலும் புதுக் கடிதம் கொடுத்துக் கூப்பிடுவார்கள். இடையில் ஒரு மாதம் அந்த மனிதர் தபால்காரர் பின்னாலேயே அலைவார். "அந்த நோட்டுல ஒரு தபா என் பேரை எழுதிட்டேன்னா போதும் சார். அப்பறம் அதை ரப்பர் போட்டு அழிக்க முடியாதுல்ல" என்பார்.

அந்த வாய்ப்பு 1968இல் வந்தது. கல்லூரிக்கு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வகுப்பு கேட்டிருந்தோம். கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட கமிஷன் வருவதாக இருந்தது. டிகிரி லேப் என்றால் இரண்டு அட்டெண்டர் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது விதி. பிரின்ஸிபால் சபாபதி, கெமிஸ்ட்ரி ஹெட்டும் அவரேதான், தாவீதைக் கூப்பிட்டு, "கமிஷன் சரின்னு சொல்லட்டும்பா. முதல் ஆர்டர் உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தார். தாவீது அன்றைக்கே பழைய பேப்பரில் கையெழுத்துப் பழக ஆரம்பித்தார். கடைசி எழுத்தில் ஒரு சுழி விட்டு, அந்தச் சுழியை அடுத்த வரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்.

திங்கட்கிழமை கமிஷன். அதற்கு நாலு நாள் முன்னால், மேஜையில் எடுத்து வைக்க வேண்டிய சாமான்களைப் பட்டியல் பார்த்து எடுத்தோம். கிரிஸ்டல் மாடல் என்று ஒன்று பட்டியலில் இருந்தது. சென்னையிலிருந்து வாங்கியது. மர உருண்டைகளை அடுக்கி உப்புக்கல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் சாதனம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மண் செட்டியாரும் செட்டிச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். செட்டியார் முன்னால் துவரம்பருப்புகூட இருந்தது.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இது என்னய்யா!" என்று கத்தினேன்.

தாவீது தலையைச் சொறிந்தார். "நவராத்திரிக்கு ஐயா வீட்டம்மா வேணும்னாங்க சார். நான்தான் தலையில வச்சிக்கினு போயி வாசப்படியில எறக்கிட்டு வந்தேன். பொங்கலுக்கு முன்னாடி பெட்டி கட்டின கட்டோட திரும்பி வந்துது. நான் பிரிச்சுப் பார்க்கல."

ஐயா வீட்டம்மா என்றால் சபாபதியின் மனைவி பட்டம்மாள். கொலுவில் புதுமையாக ஏதாவது வைத்தால்தான் அந்த அம்மாவுக்குத் தூக்கம் வரும். நான் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அந்தச் சின்ன உருண்டைங்களாப்பா? பாட்டுப் பாடின பொண்ணுங்களுக்குச் சுண்டலோட ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டேன். பச்சைக் கலர்ல பெரிசு இருந்துதே, அதைக் கொலுவுல வச்ச தெப்பக்குளத்துல தாமரைக்குப் பதிலா மிதக்க விட்டேன். பெயிண்டெல்லாம் போயி ஊறிப்போச்சு" என்றார் பட்டம்மாள். முகத்தில் ஒரு சொட்டு வருத்தம் வேண்டுமே, கிடையாது. எனக்கும் ஒரு கிண்ணத்தில் கேசரி கொடுத்தார். கோபத்தோடு சாப்பிட்டேன்.

விஷயம் சபாபதிக்குப் போயிற்று. தம் வீட்டுக் கொலுதான் காரணம் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தாவீதை நிற்க வைத்து, "லேப் சாமானுக்கு யாருப்பா பொறுப்பு? அட்டெண்டர்தானே? கமிஷன் மாடல் எங்கேன்னு கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன். திங்கட்கிழமையோட நீ வீட்டுக்குப் போகலாம். அடுத்த ஜூன்ல கடிதமும் வராது" என்றார். சென்னைக் கம்பெனிக்குத் தந்தி அடித்தோம். புது மாடல் வர ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் தாவீது லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் அவரோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அங்கே வாசலோரம் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம் விற்பவர் அவர் மனைவி மரியம்மாள். பஸ் டிரைவர்கள் வண்டியில் மிளகாயோடு கோத்துக் கட்டப் பழம் வாங்குவார்கள். காமாட்சியம்மன் கோவிலுக்குப் போகிற பெண்கள் மாலைக்கு வாங்குவார்கள். "ஏம்மா, நீ சர்ச்சுக்குப் போறவளாச்சே" என்று யாராவது சீண்டினால், "பழத்துக்கு ஏதுமா சாதி மதம்? புளிச்சாப் போதும்" என்பார்.

தாவீது விஷயத்தைச் சொன்னதும் மரியம்மாள் மடியில் இருந்த பழத்தைக் கீழே வைத்தார். "அந்தப் பொட்டியைத் தொறந்து பாத்து வாங்குறதுக்கு இன்னாய்யா கேடு உனக்கு? கத்தரிக்காயே அழுத்திப் பாக்காம வாங்கமாட்ட!" என்றார். கண் கலங்கிவிட்டது. அதை எங்களுக்குக் காட்டாமல் பழத்துக்குத் தண்ணீர் தெளிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேலூர் பஸ் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. தரை அதிர்ந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த பழக்காரிகளின் குவியலெல்லாம் சரிந்து, எலுமிச்சை ரோட்டில் உருண்டு ஓடியது. பெண்கள் "ஐயோ ஐயோ" என்று பின்னாலேயே ஓடினார்கள். மரியம்மாளின் குவியல் மட்டும் அசையவில்லை.

எட்டு வருஷமாக அந்த அம்மாவிடம் பழம் வாங்குகிறேன். அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். நாலு பழத்தைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு சந்து விழும் அல்லவா? அந்தச் சந்துக்குள் ஒரு அரைநெல்லிக்காய். அதன் தலைமேல் அடுத்த பழம். அதைச் சுற்றி மறுபடி நெல்லி. குவியல் முழுக்க அப்படித்தான்.

"இதை எதுக்குமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதுதான் சாரு பழத்தைக் கவ்விக்கினு இருக்குது. இல்லாட்டி ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நானும் ரோட்டுல ஓடணும். பழம் வாங்கறவங்களுக்கு அதையே கொசுறாக் குடுத்துடுவேன். ஒரு பழத்துக்கு ஒரு கொசுறு."

"சுண்டைக்காய் வச்சா?"

"லொடலொடன்னு ஆடும். கீழ வுழுந்துடும்."

"முழுநெல்லி?"

"அது பெருசு. பழத்தை வெலக்கி வுட்டுடும். அந்தச் சந்துக்கு அரைநெல்லிதான் அளவு. பார்த்தாத் தெரியல? இன்னா வாத்தியாரு நீ!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இதைத்தான் நான் யுனிவர்சிட்டியில் ஒரு முழுப் பாடமாகப் படித்தேன். கடைசிவரை சரியாகப் புரியவில்லை.

உப்புக்கல்லின் உள்ளே இரண்டு விதத் துகள்கள் இருக்கின்றன. குளோரின் பெரிசு, சோடியம் சிறிசு. மின்சாரம் ஏறிய துகள்கள் என்பதால் அயனி என்று பெயர். பெரிசும் சிறிசும் ஒன்றையொன்று இழுக்கும். பெரிசும் பெரிசும் தள்ளும். அதனால் ஒவ்வொரு பெரிசுக்கும் பக்கத்தில் சிறிசுதான் உட்காரும்; நாலு பக்கம் நாலு, தலைமேல் ஒன்று, காலடியில் ஒன்று. சிறிசுக்கும் அப்படியே ஆறு பெரிசு. தன் இனம் தன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்திக்கு நேர் எதிர். சந்தில் உட்காரும் சிறிசு அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் லொடலொட, மிஞ்சினால் எல்லாரும் விலகி வேறு விதமாக அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"தாவீது, மாடல் கிடைச்சாச்சு!" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியம்மாள் இரண்டு கூடையோடு லேபுக்கு வந்தார். ஒன்றில் ஒரே அளவாகப் பொறுக்கிய முப்பத்திரண்டு எலுமிச்சை. இன்னொன்றில் முப்பத்திரண்டு அரைநெல்லி. அந்தச் சீசனில் அப்போதுதான் முதல் காய் வந்திருந்தது. பலகைக்கு நாலு பக்கமும் சட்டம் அடித்துத் தாவீது தயாராக வைத்திருந்தார். நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, "முதல்ல ஒரு பழம், அப்புறம் ஒரு நெல்லி" என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா ஒக்காரு சாரு" என்றார் மரியம்மாள்.

பழம், நெல்லி, பழம், நெல்லி. அடுத்த வரிசை நெல்லியில் தொடக்கம். நாலு வரிசை ஆனதும் மேலடுக்கு. பழத்தின் மேல் நெல்லி, நெல்லியின் மேல் பழம். ஓரத்தில் நிற்காத நெல்லிகளுக்கு மட்டும் தாவீது ஈர்க்குச்சி குத்திக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் நாலடுக்கு எழும்பி நின்றது. சென்னைக்காரன் அனுப்பிய மர மாடலைவிட நூறு மடங்கு அழகு. வாசனை வேறு. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக எங்கள் லேபில் நல்ல வாசனை வீசியது.

திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கமிஷன் மூன்று பேரும் காரில் வந்து இறங்கினார்கள். நடுவில் இருந்தவர் பெரிய புரபசர். வெள்ளைத் தலை, கதர்ச் சட்டை. சபாபதி அவருக்கு மூன்று தடவை கும்பிடு போட்டார். மூன்று பேரையும் லைப்ரரிக்கு நடத்திக்கொண்டே, பியூன் வீரபாகுவிடம் திரும்பி, "சீக்கிரம் நல்லா எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொண்டாய்யா!" என்றார்.

வீரபாகு ஆபீசில் தேடினான். எலுமிச்சை இல்லை. கேண்டீனில் கேட்டான். இல்லை. பங்குனி உற்சவம், ஊரிலுள்ள பழமெல்லாம் கோவில் வாசலில் இருந்தது. லேப் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தான்.

அப்போது நான் லைப்ரரியில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். தாவீது வெளியே காஸ் பிளான்ட்டில் இருந்தார். நாங்கள் இருவரும் லேபுக்குத் திரும்பியபோது மரியம்மாள் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். பழம் வாடியிருந்தால் தண்ணீர் தெளிக்கலாம் என்று வந்தவர். மாடலின் மேலடுக்கிலும் பக்கத்திலுமாக ஆறு ஓட்டைகள்.

"எவனோ ஆறு பழத்தை எடுத்துக்கினு போயிட்டான்யா" என்றார்.

தாவீது அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு சார். எல்லாம் போச்சு" என்றார். நான் பழம் வாங்கி வர ஓடலாமா என்று வாசலைப் பார்த்தேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

அதற்குள் மரியம்மாள் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்திலிருந்து ஒரு நெல்லியைப் பிடுங்கி முந்தானையில் போட ஆரம்பித்தார்.

"இன்னாமே பண்றே! இருக்கிறதையும் எடுக்காதே!" என்று தாவீது பதறினார்.

"பழம் போன எடத்துல கொசுறு நிக்கக் கூடாதுய்யா. ஜோடி பிரிஞ்சா மொத்தமும் சரியும். எத்தினி வருசமாக் கட வச்சினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஆறாவது நெல்லி முந்தானையில் விழவும் கமிஷன் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

பெரிய புரபசர் மற்ற சாமான்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மாடலிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "இந்தக் காலியிடமெல்லாம் எதற்கு?" என்று கேட்டார்.

சபாபதி அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டது. "அஜாக்கிரதை சார்! அட்டெண்டரோட அஜாக்கிரதை! இன்றைக்கே நடவடிக்கை எடுக்கிறேன்" என்று குதித்தார்.

"அஜாக்கிரதையா? பெரிசில் ஆறு இல்லை, சிறிசிலும் கணக்காக ஆறு இல்லை. அஜாக்கிரதைக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா?" என்றார் புரபசர். "ஐயா, உலகத்தில் எந்த உப்புக்கல்லும் முழுசாக இருப்பதில்லை. உள்ளே அங்கங்கே காலியிடம் உண்டு. பெரிசு ஒன்று இல்லையென்றால் சிறிசும் ஒன்று இருக்காது. இருந்தால் மின்சாரக் கணக்கு உதைக்கும். முப்பது வருஷமாக நானும் எல்லாக் காலேஜிலும் மாடல் பார்க்கிறேன். எல்லாம் ஓட்டையில்லாத பொய் மாடல். யார் செய்தது இதை?"

சபாபதி வாயைத் திறந்தார். தாம்தான் என்று சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் வீரபாகு தட்டில் மூன்று தம்ளர் ஜூஸோடு உள்ளே வந்தான்.

புரபசர் தம்ளரைப் பார்த்தார். மாடலைப் பார்த்தார். மறுபடி தம்ளரைப் பார்த்தார்.

வீரபாகுவைத் தவிர எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவன் மட்டும், "சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன் சார்" என்றான்.

தாவீது எழுந்து நின்றார். "பழத்தை நான் எடுக்கல சார். கொசுறு எடுத்தது என் வீட்டுக்காரி. அடுக்கினதும் அவதான்."

மரியம்மாள் முன்னால் வந்தார். "ஆமா, நான்தான் எடுத்தேன். அதுக்கின்னா இப்போ? பழம் போச்சுன்னா கொசுறும் கூடவே போவணும். இந்தாங்க, நீங்கதானே பழம் சாப்பிடறீங்க?" என்று முந்தானையை அவிழ்த்து, ஆறு நெல்லியையும் புரபசருக்கு நீட்டிய ஜூஸ் தட்டில் கொட்டினார்.

அந்த வெள்ளைத் தலை மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு நெல்லியை வாயில் போட்டுக்கொண்டு, ஜூஸையும் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார். "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

கமிஷன் சரி என்று சொல்லிவிடும் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. தாவீது புதுப் பேனா வாங்கினார்.

ஜூன் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பு கிடைத்தது. இரண்டு அட்டெண்டர் பதவியும் கிடைத்தது. கூடவே ஒரு வரி: கிரிஸ்டல் மாடலை அமைத்த மரியம்மாளை ஒரு பதவியில் நிரந்தரமாக நியமித்து, ஜூலையில் நேரில் பார்க்க வரும்போது காட்ட வேண்டும். புரபசர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார். தாவீதின் பெயர் அவர் டைரியில் இல்லை.

இன்னொரு பதவி இருந்ததே என்பீர்கள். அது பட்டம்மாளின் தம்பி மகனுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. சபாபதிக்குத் தாவீதின் மேல் உள்ளுக்குள் புகைச்சல். கமிஷன் முன்னால் தம் பேர் கெட்டதற்கு அவரே காரணம் என்று ஒரு நினைப்பு. "என்னப்பா செய்யறது? யுனிவர்சிட்டி உத்தரவு. உன் பெண்டாட்டி வரட்டும். உனக்கு இந்த வருஷம் கடிதம் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

தாவீது ஆணியில் தொங்கிய தனித்தாளை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். என்னிடம், "வுடுங்க சார். யார் பேரா இருந்தா இன்னா, எங்க வூட்டுப் பேருதானே நோட்டுல ஏறுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. புதுப் பேனாவை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சபாபதியின் மேல் வந்த ஆத்திரத்தில் அன்று லேபில் இரண்டு பியூரெட் குழாயை உடைத்தேன்.

மறுநாள் காலை மரியம்மாள் ஆபீசுக்கு வந்தார். நல்ல புடவை, தலையில் பூ. சபாபதி மிகவும் பெருந்தன்மையாக ஆர்டரை எடுத்து நீட்டினார். மரியம்மாள் அதை வாங்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு அரைநெல்லியை வைத்தார்.

"என்னம்மா இது?"

"ஒரு பழத்துக்கு ஒரு கொசுறு சாமி. என்னை எடுத்துக்கணும்னா எங்க ஊட்டுக்காரரையும் எடுத்துக்கணும்."

"இது காலேஜ்மா! பழக்கடை இல்லை!"

"அப்படியா? சரி, அப்போ பழம் இல்ல" என்று எலுமிச்சையை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். நெல்லியையும் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

சபாபதி ஆர்டரைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கதவருகில் நின்ற வீரபாகு தொண்டையைக் கனைத்தான். "சார், அந்தப் பெரிய புரபசர் அடுத்த மாசம் வராராம். ஜூஸ் நல்லா இருந்துதுன்னு எனக்குக் கார்டு போட்டிருக்காரு. அந்தம்மாவையும் கேட்டிருக்காரு" என்றான். பழத்தை எடுத்தவன் அவன். அந்தக் கடனை அன்றைக்குத் தீர்த்துவிட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மரியம்மாள் கேட்டைத் தாண்டுவதற்குள் சபாபதி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எங்கள் பிரின்ஸிபால் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பட்டம்மாளின் தம்பி மகன் பிறகு ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கப் போனான். நன்றாகவே கிழித்தான் என்று கேள்வி.

பழக்கடையை மரியம்மாளின் தங்கை அன்னம்மாள் எடுத்துக்கொண்டார். அந்த முட்டை நாற்றத்தை எப்படித் தாங்குவீர்கள் என்று மரியம்மாளிடம் கேட்டேன். "இன்னா சாரு புதுசா? பதினோரு வருசமா அது என் பாயிலதான படுத்துக்கினு இருக்குது" என்றார்.

சேர்ந்த அன்று பதிவேட்டைத் திறந்து வைத்தோம். முதல் வரியில் மரியம்மாள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு தம் பெயரை எழுதினார். பக்கத்துக்குப் பாதி இடம் பிடித்துக்கொண்டது. நான் அந்தப் புதுப் பேனாவைத் தாவீதிடம் திருப்பிக் கொடுத்தேன். சுழி போட்டு நீட்டி எழுதப் பதினோரு வருஷமாகக் காத்திருந்த மனிதர், அந்தப் பெயருக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், அரைநெல்லி அளவுக்குத் தம் பெயரை எழுதினார். எழுதிவிட்டு அதன்மேல் ஊதிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

பையன்கள் அவருக்குக் கொசுறு என்று பெயர் வைத்தார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும், "இன்னாபா?" என்று திரும்பிப் பார்ப்பார். பரீட்சையில் காது சொறியும் வேலையை மரியம்மாள் வந்த முதல் வாரமே நிறுத்திவிட்டார். "படிச்சுட்டு வரச் சொல்லுய்யா. ஓசியில குடுக்கறதுக்கு நீ இன்னா சுண்டலா வச்சினு இருக்கே?" என்று கேட்டுவிட்டார். இப்போது 1979. அந்தத் தடியான பதிவேடுகள் பதினொன்று சேர்ந்து என் பீரோவில் இருக்கின்றன. போன வாரம் எடுத்துப் புரட்டினேன். மரியம்மாளுக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததும், தாவீது காலில் அமிலம் கொட்டிக்கொண்டு ஒரு மாதம் படுத்ததும், திருமுக்கூடலில் சாவு வீடும், அன்னம்மாள் மகள் கல்யாணமும் எல்லாம் அதில் இருக்கின்றன. அவருக்கு உடம்பு சரியில்லையென்றால் நீங்கள் வரலாமே என்று எத்தனையோ தடவை சபாபதி கத்தியிருக்கிறார். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பதினோரு வருஷப் பதிவேட்டில் ஒரு நாள்கூடத் தனியாக ஒரு வரி காலியில்லை. காலியென்றால் இரண்டு வரியும் காலி.